பிலிப்பைன்ஸ் கிராமங்களில் நிலம் யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸின் சிறு விவசாயம் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் விரைவிலேயே ஒரு குழப்பத்தைச் சந்திப்பார்கள். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். உழுபவர் வேறொருவராக இருப்பார். விதைக்கும் உரத்துக்கும் பணம் போட்டு அறுவடையை எடுத்துச் செல்பவர் மூன்றாமவராக இருப்பார். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் முதல் இருவருக்கும் இடையிலான வழக்கைத்தான் தீர்க்க முயன்றன. மூன்றாமவரை அவை பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை என்பதே இங்குள்ள விடைகள் பலவற்றின் அடியில் இருக்கும் செய்தி.

அங்கே ஒரு சிறு விவசாயியிடம் எவ்வளவு நிலம் இருக்கும்?

2012-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு பண்ணையின் சராசரி அளவு 1.29 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம். 1980-இல் இது 2.84 ஹெக்டேராக இருந்தது. இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் பண்ணைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 34 லட்சத்திலிருந்து 55 லட்சத்துக்கு மேல் உயர்ந்தது. அவற்றின் மொத்தப் பரப்போ 97 லட்சம் ஹெக்டேரிலிருந்து 72 லட்சமாகச் சுருங்கியது.

இதற்கு மக்கள்தொகைப் பெருக்கம் மட்டும் காரணமல்ல. பிலிப்பைன்ஸ் உரிமையியல் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருகிறது. நடைமுறையிலும் அங்கே பெண்ணுக்குப் பங்கு கொடுப்பது நெடுங்கால வழக்கம். ஆகவே இரண்டு ஹெக்டேர் வைத்திருந்தவருக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் அடுத்த தலைமுறையில் ஆளுக்கு ஓர் ஏக்கர்கூட மிஞ்சாது. பல குடும்பங்கள் காகிதத்தில் பிரிக்காமல், ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு பிள்ளையிடம் நிலத்தை விட்டுவிடுகின்றன. மணிலாவிலோ வளைகுடா நாட்டிலோ வேலை செய்யும் மற்றவர்களுக்கு அறுவடைக்குப் பிறகு ஒரு மூட்டை அரிசி போகும். பாட்டன் பெயரிலேயே பட்டா கிடப்பதற்கும், பின்னாளில் வங்கிக் கடன் கேட்டால் கிடைக்காமல் போவதற்கும் இந்த ஏற்பாடே காரணமாகிறது.

நிலம் முதலில் சிலர் கையில் குவிந்தது எப்படி?

ஸ்பானிய ஆட்சியில் துறவற சபைகள் மணிலாவைச் சுற்றிய மாகாணங்களில் பெரும் பண்ணைகளை வைத்திருந்தன. அசியெண்டா என்று அழைக்கப்பட்ட இப்பண்ணைகளில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் இன்கிலினோ. அவர் பெரும்பாலும் தாமே உழாமல், விளைச்சலைப் பங்கிட்டுக்கொண்டு உழும் வாரக்குடிகளிடம் உட்குத்தகைக்கு விட்டார். நாட்டின் தேசிய வீரரான ஹோசே ரிசாலின் குடும்பமே கலம்பாவில் டொமினிக்கன் சபையின் நிலத்தில் இப்படிக் குத்தகைதாரராக இருந்த குடும்பம்தான். குத்தகை உயர்வை எதிர்த்து ஊரார் வழக்காடித் தோற்றபோது, 1890-களின் தொடக்கத்தில் அக்குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது.

அமெரிக்க ஆட்சி 1903-இல் இந்தச் சபை நிலங்களில் சுமார் 1,66,000 ஹெக்டேரை ஏறத்தாழ 70 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கி, உழுபவர்களுக்கே விற்பதாக அறிவித்தது. விலையைக் கட்ட முடிந்தவர்கள் பெரும்பாலும் இன்கிலினோக்களும் வசதி படைத்தவர்களும்தான். 1902-இல் வந்த டாரன்ஸ் முறைப் பதிவுச் சட்டம், பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று அறுதியிட்டது. எழுத்தறிந்தவருக்கும் வழக்கறிஞரை அமர்த்த முடிந்தவருக்கும் அது வரமாயிற்று. மூன்று தலைமுறையாக உழுதும் பதியத் தெரியாமல் இருந்தவருக்கு வினையாயிற்று.

கஸமா என்பவர் யார்?

தகாலோக் மொழியில் கஸமா என்றால் கூட்டாளி, துணையாள் என்று பொருள். விவசாயத்தில் அது வாரக்குடியைக் குறிக்கும். நிலம் உடையவரும் உழுபவரும் விளைச்சலைப் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது வழக்கமான ஏற்பாடு. சொல்லில் கூட்டாளியாக இருந்தாலும் கணக்கில் அவர் கடனாளி. சாகுபடிச் செலவில் அவருடைய பங்கையும், அறுவடை வரையிலான சாப்பாட்டு அரிசியையும் நிலக்கிழாரே முன்பணமாகக் கொடுத்துவிட்டு, களத்திலேயே வட்டியோடு பிடித்துக்கொள்வார்.

அந்த வட்டிக்குத் தனித்தனிப் பெயர்களே இருந்தன. ஒரு மூட்டை நெல் வாங்கினால் அறுவடையில் இரண்டு மூட்டை திருப்பித் தருவது தகிபான். இரண்டு வாங்கி மூன்று தருவது தலிந்துவா. குடிவாரத்தின் பெரும்பகுதி களத்தைவிட்டு நகர்வதற்கு முன்பே கைமாறிவிடும் என்பதால், அடுத்த போகத்துக்கும் அதே வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். தந்தையின் கடன் மகனுக்கு வந்தது. கடனோடு, ஆபத்தில் உதவியவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்ற உணர்வும் சேர்ந்தே வந்தது. பிலிப்பினோக்கள் இதை உதாங் நா லோஓப் என்பார்கள். வட்டிக் கணக்கை எதிர்த்துக் கேட்பதைவிட இந்த உணர்வை மீறுவதுதான் பலருக்குக் கடினமாக இருந்தது.

சீர்திருத்தச் சட்டங்கள் எதைச் சாதித்தன?

மணிலா அமைந்துள்ள லூசோன் தீவின் மத்தியப் பகுதி நெல்வயல்களில் எழுந்த கிளர்ச்சி இல்லாமல் இச்சட்டங்களை விளங்கிக்கொள்ள முடியாது. 1942-இல் ஜப்பானியரை எதிர்த்துத் தோன்றிய ஹுக்பலஹாப் படையில் பெரும்பாலோர் வாரக்குடிகள். போர் முடிந்த பின் 1946 முதல் 1954 வரை அவர்கள் அரசை எதிர்த்துப் போரிட்டார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வோர் அரசும் நிலப் பிரச்சினையைப் பற்றிப் பேசியாக வேண்டியிருந்தது.

1963-இல் அதிபர் டியோஸ்டாடோ மகபகால் காலத்துச் சட்டம் வாரமுறையை ஒழித்து நிலையான குத்தகையைக் கொண்டுவந்தது. வழக்கமான விளைச்சலில் விதை, அறுவடை, போரடிப்புச் செலவுகளைக் கழித்து மிஞ்சுவதில் கால் பங்குக்கு மேல் குத்தகை கேட்கக்கூடாது என்பது விதி. 1972 அக்டோபர் 21 அன்று, இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள், ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் 27-ஆம் எண் ஆணையை வெளியிட்டார். நெல், மக்காச்சோள நிலங்களின் வாரக்குடிகளுக்குப் பாசன நிலமானால் 3 ஹெக்டேர், மானாவாரியானால் 5 ஹெக்டேர் என்று அது வரையறுத்தது. சராசரி ஆண்டு விளைச்சலின் இரண்டரை மடங்கை விலையாக வைத்து, 6 சதவீத வட்டியோடு 15 ஆண்டுகளில் கட்டச் சொன்னது. கரும்பும் தென்னையும் அதில் சேரவில்லை. நெல் நிலக்கிழார்கள் பலர் நடுத்தர அளவினர். கரும்பு முதலாளிகளோ நாட்டின் அரசியலையே நடத்தியவர்கள் என்பதை நினைவில் வைத்தால், எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்பது புரியும்.

மார்க்கோஸ் வீழ்ந்த பின், 1987 ஜனவரி 22 அன்று மணிலாவில் அதிபர் மாளிகைக்கு அருகிலுள்ள மெண்டியோலாவில் நிலம் கேட்டு ஊர்வலம் வந்த விவசாயிகள் மீது காவல்படைகள் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 10 அன்று அதிபர் கொரசோன் அக்கினோ கையெழுத்திட்ட விரிவான நிலச் சீர்திருத்தச் சட்டம் எல்லாப் பயிர்களையும் உள்ளடக்கியது. உரிமையாளர் 5 ஹெக்டேர் வைத்துக்கொள்ளலாம். பதினைந்து வயது நிரம்பி, தாமே பயிர் செய்யும் அல்லது பண்ணையை நேரடியாக நடத்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 3 ஹெக்டேர் ஒதுக்கலாம். எஞ்சியதை அரசு எடுத்து, உழுபவருக்கு அதிகபட்சம் 3 ஹெக்டேர் வீதம் கொடுக்கும். பெற்றவர் 30 ஆண்டுகள் 6 சதவீத வட்டியோடு அரசின் நிலவங்கிக்குத் தவணை கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். 2009-இல் திருத்தப்பட்ட இச்சட்டத்தின் கீழும் அதற்கு முந்தைய ஆணைகளின் கீழும், அரசுப் புறம்போக்கு உட்பட, ஏறத்தாழ 48 லட்சம் ஹெக்டேர் வழங்கப்பட்டிருப்பதாக அரசுக் கணக்கு கூறுகிறது. இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்கிவிட முடியாது.

உச்சவரம்பு 5 ஹெக்டேர் என்றால் பெரும் பண்ணைகள் எப்படி நீடித்தன?

சட்டத்திலேயே கதவுகள் இருந்தன. கால்நடைப் பண்ணைகளுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. வயலைத் தொழிற்பேட்டையாகவோ குடியிருப்பாகவோ கோல்ஃப் மைதானமாகவோ வகை மாற்றினால் அது விவசாய நிலம் என்ற கணக்கிலிருந்தே விலகிவிடும். மணிலாவுக்குத் தெற்கேயுள்ள கவித்தே, லகூனா மாகாணங்களில் நெல்வயல்கள் இப்படித்தான் குறைந்தன.

மூன்றாவது கதவுக்குப் பெயர் பங்குப் பகிர்வு. நிலத்துக்குப் பதிலாக, நிலத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளைத் தொழிலாளிக்குக் கொடுத்தால் போதும் என்றது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். தார்லாக் மாகாணத்தில் 6,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த அசியெண்டா லுயிசிதா என்ற கரும்புப் பண்ணை, சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபரின் பிறந்த வீட்டுச் சொத்து. 1989-இல் அது இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. தொழிலாளிக்கு எத்தனை பங்கு என்பது அவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. எத்தனை நாள் வேலை கொடுப்பது என்பதோ நிர்வாகத்தின் கையில் இருந்தது. 2004 நவம்பர் 16 அன்று அங்கு நடந்த வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஏழு பேர் பலியானார்கள். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க இறுதி ஆணையிட்டது. அடுத்த ஆண்டு உருளையைச் சுழற்றிக் குலுக்கல் முறையில் ஆளுக்கு 6,600 சதுர மீட்டர் வழங்கினார்கள். இருபது ஆண்டுகளாக வேலை செய்த வயல் ஓரிடத்திலும், சீட்டில் விழுந்த வயல் பல கிலோமீட்டர் தள்ளியும் அமைந்தவர்கள் உண்டு.

நிலம் கிடைத்த பிறகும் பலர் அதை ஏன் வேறொருவரிடம் விடுகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுவே. சோம்பல், அறியாமை என்று நகரத்தார் சொல்லும் விடைகள் தவறானவை.

நெக்ரோஸ் தீவின் கரும்பை எடுத்துக்கொள்வோம். பண்ணை இருந்தவரை டிராக்டர், லாரி, உரம், ஆலையோடு பேச்சு எல்லாம் முதலாளியிடம் இருந்தன. தொழிலாளி வெட்டினார், சுமந்தார். நிலம் கைக்கு வந்த மறுநாள் தொழிலாளியிடம் நிலம் மட்டுமே இருக்கிறது. கரும்பு ஓராண்டுப் பயிர். நட்ட நாள் முதல் ஆலைச்சீட்டு வரும் நாள்வரை குடும்பம் சாப்பிட வேண்டும். ஆலை ஓடாத மாதங்களை அத்தீவில் தியெம்போ முவெர்தோ, அதாவது செத்த காலம், என்றே அழைப்பார்கள். அந்த மாதங்களில் ஒருவர் வீடு தேடி வந்து, மூன்று போகத்துக்கான வாடகையை ஒரே தொகையாக மேசைமேல் வைக்கிறார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய வாரமாக அது இருந்தால் விடை முன்பே முடிவானதுதான். இந்த ஏற்பாட்டுக்கு ஆர்யெண்டோ என்று பெயர். வருபவர் பழைய முதலாளியாகவே இருப்பதும் உண்டு; நிலத்துச் சொந்தக்காரர் தம் நிலத்திலேயே கூலிக்குக் கரும்பு வெட்டுவதும் உண்டு.

நெல் பகுதிகளில் இதற்கு இணையானது சங்ளா. தமிழில் ஒத்தி என்று சொன்னால் அப்படியே பொருந்தும்: பணத்தைக் கொடுத்தவர், அசல் திரும்பும்வரை வட்டி வாங்காமல் நிலத்தை வைத்துப் பயிரிட்டுக்கொள்வார். சட்டம் நிலம் பெற்ற பத்தாண்டுகளுக்கு விற்பனையைத் தடுப்பதால் இந்த ஒப்பந்தங்கள் பதிவு அலுவலகத்துக்குப் போவதில்லை. ஊர்த்தலைவர் முன்னிலையில், பள்ளி நோட்டுத் தாளில், கையால் எழுதிய நாலு வரியும் இரண்டு சாட்சிக் கையெழுத்துமே ஆவணம். அசலைத் திருப்பும் தேதி பல சமயம் எழுதப்படுவதே இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளையின் பணம் வந்தால் நிலம் மீளும். வராவிட்டால் பட்டாவில் பெயர் மாறாமலே நிலம் போய்விடும்.

சிறு தொகைக்கு வேறொரு கதவு உண்டு. ஐந்து வாங்கி ஆறாகத் திருப்பும் ஐந்து-ஆறு கடனை மோட்டார் சைக்கிளில் வந்து வசூலிப்பவரைப் பிலிப்பினோக்கள் பும்பாய் என்பார்கள். பம்பாய் என்ற ஊர்ப்பெயரே இப்படி ஆயிற்று. உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர்.

நிலமே இல்லாத கூலியாட்களின் நிலை என்ன?

சட்டம் வாரக்குடியைப் பார்த்தது. வாரக்குடிக்குக் கீழே இருந்தவரை அரைகுறையாகவே பார்த்தது. லகூனாவில் வளர்ந்த காமா என்ற ஏற்பாடு இதைக் காட்டும். முன்பு அறுவடை நாளில் யார் வேண்டுமானாலும் அரிவாளோடு வயலில் இறங்கி, அறுத்து, அடித்து, ஆறில் ஒரு பங்கை எடுத்துச் செல்லலாம். 1960-களுக்குப் பிறகு புதிய நெல் ரகங்களால் விளைச்சல் கூடியது. ஆள்பெருக்கத்தால் கூலி மலிந்தது. அப்போது ஆறில் ஒரு பங்கு தாராளமாகத் தோன்றத் தொடங்கியது. பங்கைக் குறைப்பது ஊர் வழக்கத்துக்கு விரோதம் என்பதால் விவசாயிகள் வேறு வழி கண்டார்கள்: கூலியில்லாமல் களை பறித்துக் கொடுத்த குடும்பமே அறுவடைக்கு வரலாம் என்றார்கள். ஆறில் ஒன்று என்ற எண் மாறவில்லை. அதற்குச் செய்ய வேண்டிய வேலை மட்டும் கூடியது. குத்தகை சட்டத்தால் உறைந்து, விளைச்சல் ஏறியதில் கிடைத்த ஆதாயம் முன்னாள் வாரக்குடிக்குப் போயிற்று. அவரிடம் வேலை கேட்டு நின்றவருக்கு இவ்வளவுதான். பின்னர் அறுவடை இயந்திரம் வந்தபோது இதுவும் பல ஊர்களில் போயிற்று.

அந்தப் புதிய ரகங்கள் லகூனாவின் லோஸ் பான்யோஸில் 1960-இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20, ஐ.ஆர்.50 என்று தமிழ்நாட்டு விவசாயிகள் சொல்லிப் பழகிய பெயர்கள் அங்கிருந்து வந்தவையே. எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார்.

தென்னை விவசாயிகளுக்கும் இதே நிலையா?

சற்று மோசம். சுமார் 36 லட்சம் ஹெக்டேரில் தென்னை நிற்கிறது. அதில் உழைப்பவர்கள் நாட்டின் மிக வறிய விவசாயிகளில் அடங்குவர். கால் பங்குக் குத்தகை விதி தென்னைக்கும் 1988 முதல் உண்டு என்றாலும், பல தோப்புகளில் நிலக்கிழாருக்கு இரண்டு பங்கு, தேங்காயை உடைத்துப் புகைமூட்டி உலர்த்திக் கொப்பரையாக்குபவருக்கு ஒரு பங்கு என்ற பழைய கணக்கே நடக்கிறது. 1970-களில் கொப்பரை விற்பனையின்மீது விதித்த தீர்வை, விவசாயிகளின் பெயரில் திரட்டப்பட்டு, வங்கியும் சான் மிகுவெல் நிறுவனப் பங்குகளும் வாங்கப் பயன்பட்டது. அப்பங்குகளில் ஒரு பெரும்பகுதி விவசாயிகளுக்காக அரசிடம் இருக்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. அந்தச் சொத்தை விவசாயிகளுக்குப் பயன்படுத்துவதற்கான அறக்கட்டளை நிதிச் சட்டம் 2021-இல்தான் வந்தது. தீர்வை கட்டியவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

அரிசி இறக்குமதிச் சட்டம் நில உரிமையைப் பாதிக்குமா?

நேராக அல்ல, கடன் வழியாகப் பாதிக்கும். 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம் இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிச் சுங்கவரியை வைத்தது. 2018-இல் கிலோ 20 பெசோவைத் தாண்டியிருந்த நெல் கொள்முதல் விலை 2019 இறுதியில் 15, 16 பெசோவுக்கு வந்தது. உற்பத்திச் செலவே கிலோவுக்கு 12 பெசோ அளவில் இருந்தது. களம் இல்லாதவர்கள் நெடுஞ்சாலையின் சிமெண்ட் ஓரத்தில் நெல்லைப் பரப்பி உலர்த்துவார்கள். மழை வந்தாலோ வியாபாரி அவசரப்படுத்தினாலோ ஈர நெல்லாகவே விற்க வேண்டும், அதற்கு விலை இன்னும் கீழே. முன்பணம் கொடுத்த வியாபாரியே வாங்குபவராகவும் இருந்தால் விலைபேசவே இடமில்லை. சுங்கவரி வருவாயிலிருந்து இயந்திரமும் விதையும் தர ஒரு நிதி அமைக்கப்பட்டது. என் கணிப்பில் அது சென்றடைந்தவர்களுக்கு உதவியது. ஆனால் ஒத்திக்குப் போன நிலத்தை அது மீட்டுத் தராது.

பழங்குடியினரின் நிலம் தனிச் சட்டத்தில் வருகிறதா?

ஆம். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் மூதாதையர் நிலப்பரப்பைக் கூட்டு உரிமையாக ஏற்று அதற்குப் பட்டா வழங்குகிறது. இஃபுகாவோ மலையின் படிக்கட்டு வயல்களில் சமவெளிக்கு நேர்மாறான மரபு இருக்கிறது: ஆணானாலும் பெண்ணானாலும் மூத்த பிள்ளைக்கே முதன்மையான வயல்கள் போகும். வயல் சிதறாமல் இருப்பதற்கும் இளையவர்கள் மலையை விட்டு இறங்குவதற்கும் காரணம் ஒன்றே.

வெளிநாட்டவர் அங்கே நிலம் வாங்க முடியுமா?

முடியாது. 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதைக் குடிமக்களுக்கும், 60 சதவீதமாவது பிலிப்பினோ உடைமையான நிறுவனங்களுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. பிலிப்பினோ பெண்ணை மணந்த தமிழர் பணம் கொடுத்து வாங்கினாலும் நிலம் மனைவியுடையதே.

நிலச் சீர்திருத்தப் பட்டா ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பின்பக்கத்தை. முன்பக்கத்தில் பெயரும் அளவும் எல்லையும் இருக்கும். 1990-களில் வழங்கிய கூட்டுப் பட்டாவானால் நூறு பெயர்கூட இருக்கலாம், அப்போது எந்த வயல் யாருடையது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. இவற்றைத் தனிப் பட்டாக்களாகப் பிரிக்கும் பணி 2020-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கியது. பின்பக்கத்தில் வில்லங்கக் குறிப்புகள் இருக்கும்: பத்தாண்டு விற்பனைத் தடை ஒரு வரி, நிலவங்கிக்கான அடமானம் ஒரு வரி. மூன்று ஆண்டுத் தவணை தவறினால் நிலத்தையே இழக்க நேரிடும் என்ற அச்சம் அந்த இரண்டாம் வரியில் இருந்தது. 2023 ஜூலை 7 அன்று கையெழுத்தான சட்டம் 6,10,054 பேரின் 5,756 கோடி பெசோ அசல் கடனைத் தள்ளுபடி செய்து, 11.7 லட்சம் ஹெக்டேரை அந்தச் சுமையிலிருந்து விடுவித்தது. தள்ளுபடிச் சான்றிதழைப் பதிவு அலுவலகத்தில் காட்டினால் அடமான வரி நீக்கப்படும். ஊர்த்தலைவர் முன்னிலையில் எழுதிய நோட்டுத் தாள் எந்தப் பக்கத்திலும் இருக்காது. அதைப் பற்றி அறிய வயலில் யார் நிற்கிறார் என்று போய்ப் பார்த்து, அவரிடமே கேட்க வேண்டும்.